எல்லைப் பக்கத்துக் கம்பி

மழை விட்ட காலைகளில் ஆட்டுப் பட்டியின் கரண்ட் வேலியைப் பார்க்கப் போவதென்றால் எனக்குக் குமட்டும். ராத்திரி ஊர்ந்து வந்த நத்தைகள் கீழ்க்கம்பியில் பட்டு, அங்கேயே வெந்து ஒட்டிக் கிடக்கும். சில நாள் தவளை. ஒருமுறை ஓர் ஓணான், கம்பியைத் தாங்கும் கல்காலைக் கட்டிப் பிடித்தபடி கருகியிருந்தது. அப்படியே விட்டால் கம்பியில் ஓடும் கரண்ட் அவற்றின் வழியாகத் தரைக்கு இறங்கிவிடும். வேலி சும்மா நிற்கும். அதனால் நான்தான் சுரண்டி எடுக்க வேண்டும். அதற்கென்றே தேய்ந்துபோன தோசைத் திருப்பி ஒன்றை வைத்திருந்தேன். எத்தனை சோப்புப் போட்டாலும் அந்த நாற்றம் விரலைவிட்டுப் போகாது.

எங்கள் நிலம் மரக்காணம் உப்பளங்களுக்கு மேற்கே, சவுக்குத் தோப்பை ஒட்டிய மணல் மேட்டில் இருக்கிறது. என் கணவர் பாண்டிச்சேரியில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போகிறார். ஆடுகள் என் பொறுப்பு. பக்கத்து நிலம் அவருடைய தம்பியுடையது. அதில் மல்லாட்டை போட்டிருந்தான், வேர்க்கடலைதான். என் ஆடுகள் அவன் செடியில் வாய் வைத்துவிட்டன என்று வாரத்துக்கு ஒரு தரம் வாசலில் வந்து நின்று கத்துவான். அந்த வாய்க்குப் பயந்துதான் வேலியே போட்டேன். சோலார் தகடு, பேட்டரி, ஒரு பெட்டி, நான்கு வரிசைக் கம்பி. பெட்டி நொடிக்கு ஒரு தரம் டக்கென்று அடித்துக் கண் இமைக்கும் நேரத்துக்குக் கரண்ட் விடும். ஆடோ நாயோ துள்ளி ஓடுமே தவிர சாகாது என்று, வேலி போட்டுக் கொடுத்த வானூர்க்காரர் சொன்னார்.

உப்புக்காற்றைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. கம்பியைத் தாங்கும் இன்சுலேட்டர்களில் ஒரே மாதத்தில் வெள்ளையாகப் படிந்தது. பனி இறங்கினால் அந்த உப்பு ஈரமாகி, கரண்ட் அதன் மேலேயே கசிந்தது. நானாகத்தான் பழுது பார்க்கக் கற்றுக்கொண்டேன். ஐந்து விளக்கு வைத்த டெஸ்டரைக் கம்பியில் வைத்தால், எத்தனை விளக்கு மின்னுகிறதோ அவ்வளவு வலு. வலு குறைந்தால் மூலைகளில் உள்ள சுவிட்சுகளை ஒவ்வொன்றாகத் திறந்து இணைப்பைத் துண்டித்து, எந்தப் பக்கம் கோளாறு என்று பிரித்துப் பார்ப்பேன். பிறகு அந்தப் பக்கமாகக் காதைக் கொடுத்துக்கொண்டு நடப்பேன். எங்கே சடசடக்கிறதோ அங்கே ஒரு கருவேல முள்ளோ, துருப்பிடித்த முடிச்சோ, நத்தையோ இருக்கும். பெட்டியை அணைத்துவிட்டு ஈரத்துணியால் துடைப்பேன். கோடையில் எர்த் கம்பி புதைத்த இடத்தில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவேன். இவ்வளவும் எனக்குப் பழகிப்போனது.

மல்லாட்டை காய் பிடித்த சமயம். ஒரு பத்து நாள், காலையில் போய்ப் பார்த்தால் மூன்று பக்கம் நன்றாக இருக்கும். கொழுந்தன் நிலத்தை ஒட்டிய எல்லைப் பக்கத்தில் மட்டும் ஒரு விளக்கும் மின்னாது. அந்தப் பக்கத்துக்கான இரண்டு மூலைச் சுவிட்சுகளும் திறந்து கிடக்கும். ஆடு உரசியிருக்கும் என்று நினைத்தேன். விளக்கே மின்னாத கம்பியில் என்ன இருக்கப் போகிறது என்று, அந்தப் பக்கத்து நத்தைகளை வெறுங்கையாலேயே பிடுங்கிப் போட்டுவிட்டுச் சுவிட்சை மூடுவேன். உடனே ஐந்து விளக்கும் வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கொழுந்தன் ஒரு தூக்குச் சட்டியோடு வந்தான். சமைத்த பன்றிக்கறி. சவுக்குத் தோப்பிலிருந்து வந்து மல்லாட்டையைக் கிளறிக்கொண்டிருந்த காட்டுப் பன்றி ஒன்று விழுந்துவிட்டதாகவும், நாலு பேராகப் பங்கு போட்டதாகவும் சொன்னான். எப்படி விழுந்தது என்று கேட்டேன்.

"கரண்ட்லதான் அண்ணி. உங்க கம்பியிலதான்."

என் வேலியில் பூனைகூடச் சாகாதே என்றேன். அவன் சிரித்தான். மூலைச் சுவிட்சைத் திறந்துவிட்டு, தன் மோட்டார் கொட்டகையிலிருந்து ஒரு வயரை இழுத்து எல்லைப் பக்கத்துக் கம்பியில் மாட்டிவிடுவானாம். நேர் கரண்ட், வீட்டுக்கு வருகிற அதே மெயின் கரண்ட்.

"நான் காலையில அத தொடுறேனே தம்பி," என்றேன்.

"நீங்க ஆறு மணிக்கி மேலதான வர்றீங்க. நான் அஞ்சரைக்கே ஆஃப் பண்ணி வயரக் கழட்டிட்றேன்."

வானூர் போக முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்ததால், அந்தப் பத்து நாளில் ஒருநாள் நான் ஐந்து மணிக்கே வேலிக்குப் போயிருந்தேன். ஈரத்துணியோடு. அந்தக் கம்பியையும் துடைத்தேன். அன்று அவன் வயரை மாட்ட மறந்தானா, கரண்ட் போயிருந்ததா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

வேலி போட்டவருக்குப் போன் செய்தேன். டெஸ்டர் ஏன் காட்டவில்லை என்று கேட்டேன். "அது ஆயிரக்கணக்குல வோல்ட் வந்தாத்தாங்க எரியும். வீட்டுக் கரண்ட் அதுக்குத் தெரியாது. ஆளையே கொன்னாலும் எரியாதுங்க," என்றார்.

போனை வைத்துவிட்டு உள்ளே வந்தேன். என் கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கறியைத்தான். நடந்ததைச் சொன்னேன். தம்பியைக் கண்டிப்பதாகச் சொன்னார். சொல்லிக்கொண்டே ஓர் எலும்பை எடுத்து உறிஞ்சினார். அந்தச் சத்தம் கேட்டதும் கொல்லைக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தேன்.

கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு எல்லைக்குப் போனேன். கீழ்க்கம்பியில் பன்றி மயிர் கொத்தாக ஒட்டியிருந்தது, தோலோடு. சுற்றிலும் மண் உழுததுபோலக் கிளறிக் கிடந்தது; உடனே சாகவில்லை போலிருக்கிறது. மல்லாட்டைச் செடிகளுக்கு அடியில் அந்த வயர் ஓடியது. நாலைந்து இடத்தில் ஒட்டுப் போட்டு பிளாஸ்டிக் பையால் சுற்றியிருந்தான். வயரை நான் தொடவில்லை. கொட்டகையில் மெயினை அணைத்து, ஃபியூஸைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டு வந்து, பிறகுதான் எல்லைப் பக்கத்து நான்கு கம்பிகளையும் வெட்டிப் போட்டேன்.

மறுநாள் லைன்மேனிடம் சொன்னேன். அவர் வந்து வயரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, இன்னொரு தரம் பார்த்தால் மோட்டார் இணைப்பே இருக்காது, கேஸும் வரும் என்று எச்சரித்துவிட்டுப் போனார். குடும்பத்து மானத்தை நான் தெருவில் இழுத்துவிட்டதாகச் சொந்தக்காரர்கள் பேசினார்கள். பன்றி செத்ததையும் பேசினார்கள், கறி ருசியையும்கூடப் பேசினார்கள். அந்தக் கம்பியைத் தொட்ட என் கையைப் பற்றி யாரும் பேசவில்லை. கணவர் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அது எனக்கு வசதியாகவே இருந்தது.

எல்லையிலிருந்து ஐந்தடி உள்ளே தள்ளி, என் மண்ணிலேயே புதிதாகக் கல்கால் நட்டேன். இப்போது டெஸ்டரோடு கூட, வீட்டுக் கரண்டைக் காட்டும் கருவி ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறேன். இரண்டையும் வைத்துப் பார்க்காமல் எந்தக் கம்பியையும் தொடுவதில்லை.

போன மாதம் கொழுந்தன் மகளுக்குப் பாண்டிச்சேரியில் ஒரு மண்டபத்தில் காது குத்தினார்கள். போனேன். பிள்ளைக்கு மோதிரம் போட்டேன். பந்தியில் அவனே இலை போட்டு, "உக்காருங்க அண்ணி," என்றான். ஒன்றுமே நடக்காததுபோல இருந்தது அந்தக் குரல். பசிக்கவில்லை என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.

திரும்பும் வழியில், இன்னுமா அதை மனதில் வைத்திருக்கிறாய் என்று கணவர் கேட்டார். ஆமாம் என்றேன். கூனிமேட்டில் வண்டியை நிறுத்தச் சொல்லி, டீயும் இரண்டு பன்னும் வாங்கித் தின்றேன்.