தூசி அக்கா காத்த அறை

தொழிற்சாலையில் அவளுக்குத் தூசி அக்கா என்று பெயர். அவளுடைய கணவரோ மாவு மில்காரர். இதைச் சொன்னாலே அவள் பட்ட பாடு பாதி புரிந்துவிடும்.

செல்போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் உயிரான சிப் எல்லாம் இனி நம் நாட்டிலேயே தயாராக வேண்டும் என்று அரசுக்கு ஒருநாள் ஆசை வந்தது. தொழிற்சாலை தொடங்குகிறவர்களுக்கு ஊக்கத்தொகையை அள்ளிக் கொடுப்பதாக அறிவித்தார்கள். ஊருக்கு வெளியே ஒரு கண்ணாடிக் கட்டடம் எழுந்தது. அவளுக்கு அதில் தற்காலிக வேலை கிடைத்தது.

பயிற்சியில் சொல்லிக் கொடுத்தது ஒன்றுதான்: சிப் செய்யும் அறைக்குள் ஒரு தூசி போனாலும் எல்லாம் பாழ். பவுடர், சென்ட் கூடாது. சிகரெட் பிடித்த வாயோடு நுழையக் கூடாது. உச்சி முதல் உள்ளங்கால் வரை வெள்ளை உடுப்பு. கூடப் பயிற்சி எடுத்தவர்கள் அதை இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டார்கள். இவள் வீடுவரை கொண்டு போனாள்.

"நீயும் வெள்ளையாத்தான் வேலை பாக்குறே, நானும் வெள்ளையாத்தான் வேலை பாக்குறேன். என்னை மட்டும் ஏன்டி வாசல்லயே நிறுத்தி உதறச் சொல்றே?" என்பார் மில்காரர்.

"உங்க வெள்ளை உதிருதுங்க."

சிரிக்கப் போவார், சிரிப்பு இருமலாகிவிடும். மாவு அவர் நெஞ்சுக்குள்ளேயே குடியேறியிருந்தது. மில்லை விட்டால்தான் மூச்சு நிலைக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் அவள் வேலை நிரந்தரமாகாமல் மில்லை எப்படி மூடுவது?

"முதல் தவணை ஊக்கத்தொகை வரட்டும்மா. அன்னைக்கே உனக்கு நிரந்தரம்" என்று மேலாளர் வாக்குக் கொடுத்திருந்தார்.

அந்தத் தவணைதான் வந்தபாடில்லை. இயந்திரங்களைக் கொண்டுவந்து வைத்தால் பணம் தருகிறோம் என்றது அரசு. பணம் தந்தால் இயந்திரங்களை வாங்குகிறோம் என்றது நிறுவனம். பைத்தியம் தெளிந்தால் கல்யாணம், கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும் என்கிற கதைதான். கடைசியில் மேலாளரே ஒரு வழி கண்டுபிடித்தார். காலி மரப்பெட்டிகளை அறைக்குள் வரிசையாக வைத்து வெள்ளை உறை மாட்டினார். கண்ணாடிக்கு வெளியே யார் வந்து நின்றாலும் தூசி அக்கா உடுப்போடு அவற்றுக்கு நடுவே நடக்க வேண்டும்.

"சும்மா நடக்காதேம்மா. அப்பப்போ குனிஞ்சு பாத்துத் தலையாட்டு."

அவள் குனிந்தாள், தலையாட்டினாள். காலிப் பெட்டிதானே என்று நினைக்காமல் தினமும் அவற்றைத் துடைக்கவும் செய்தாள். இயந்திரம் வருகிற அன்று அறை சுத்தமாக இருக்க வேண்டாமா?

இயந்திரங்களைப் பார்க்க அரசின் ஆய்வுக் குழு வரவிருந்த காலையில் மில்காரருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. முகம் நீலம் பாய்ந்தது. முந்தின நாள் மாவுச் சட்டையோடே கிடந்தவரை மார்பில் சாய்த்து, இருமல் அடங்கும்வரை முதுகைத் தடவிக் கொடுத்தாள். மறுபடி குளிக்க நேரமில்லை. புடவையை மாற்றிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

குழுத் தலைவர் சிகரெட்டை வாசலில் அணைத்துவிட்டு வந்தார். அவருக்கு முன்னால் அவருடைய சென்ட் வந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தவர், "உள்ள போய்த் தொட்டுப் பாக்கணும்" என்றார். மேலாளருக்கு முகத்தில் ஈயாடவில்லை. தொட்டால் காலி மரப்பெட்டி என்று தெரிந்துவிடுமே!

கதவை மறித்துக்கொண்டு நின்றவள், இன்னும் தலையுறை மாட்டியிராத தூசி அக்காதான்.

"சார், நீங்க உள்ள வரக் கூடாது."

"என்னையா சொல்றே?"

"சிகரெட் பிடிச்சிருக்கீங்க, அரை மணி நேரம் காத்திருக்கணும். முகத்துல பவுடர் இருக்கு, கழுவணும். இந்தச் சென்ட் போகணும்னா குளிச்சாத்தான் உண்டு."

"ஏம்மா, யார்கிட்ட பேசறோம்னு தெரியுதா?" என்று மேலாளர் சத்தம் போட்டார். போயிற்று வேலை என்று நினைத்தாள். ஆனாலும் கதவிலிருந்து கையை எடுக்கவில்லை.

தலைவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஊருக்குத்தான் உபதேசம். உன் காதுக்குப் பின்னால வெள்ளையா இருக்கே, அது என்ன?"

தடவிப் பார்த்தாள். விரலில் மாவு.

"தப்புதான் சார். நானும் உள்ள போகக் கூடாது" என்றாள். கதவைப் பூட்டிச் சாவியை மேலாளரிடம் நீட்டிவிட்டு, அவளும் வந்தவர்களோடு கண்ணாடிக்கு வெளியே நின்றுகொண்டாள்.

தலைவர் உருகிப்போனார். "தனக்கே தடை போட்டுக்கிற தொழிலாளி! இதுதான்யா தரம்!" பெட்டிகளைக் கண்ணாடி வழியாகவே பார்த்துப் பரவசப்பட்டு, அங்கேயே கையெழுத்துப் போட்டார். மேலாளர் அப்போதுதான் மூச்சு விட்டார்.

ஊக்கத்தொகை வந்தது. மேலாளர் சொன்ன சொல் தவறவில்லை, அவள் வேலை நிரந்தரமானது. இயந்திரம் எப்போது வரும் என்று கேட்டாள். "அவசரப்படாதேம்மா. முதல்ல ரெண்டாவது கட்டடத்துக்கு விண்ணப்பம் போடணும்" என்றார்.

மில் மூடப்பட்டது. ஒருநாளும் எந்த அரசும் ஊக்கம் கொடுக்காமலே ஊருக்கெல்லாம் மாவு அரைத்த மில் அது. இரண்டாவது அறையில் நடக்க ஆள் தேவைப்பட்டபோது, மேலாளர் மில்காரரையே சேர்த்துக்கொண்டார். வெள்ளை உடுப்பு அவருக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. இருமலும் மெல்ல மெல்ல விட்டது.

முதல் நாள் வேலை முடிந்ததும், மில் பழக்கத்தில், மனைவியிடம் கேட்டார்:

"இன்னைக்கு எவ்வளவு அரைச்சோம்?"

"மெதுவாப் பேசுங்க" என்றாள் அவள். "நல்லா மூச்சு வருதில்ல? வீட்டுக்கு நடங்க."

வாசலுக்கு வந்ததும் பழக்கம் விடாமல் அவர் சட்டையை உதறினார். ஒன்றும் உதிரவில்லை.