யோகலிங்கம் சேரும் பின்சில்லும்

கண்டாவளையில் யோகலிங்கம் சேருக்குத் தெரியாத விஷயமே இல்லை என்று முதலில் சொன்னவர் யோகலிங்கம் சேர்தான். வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. உப அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளிக்கூடத்தில் மணி அடிப்பவருக்கே மணி அடிக்கப் பழக்கியவர். ஓய்வு பெற்ற கையோடு பழைய கார் ஒன்று வாங்கினார். எங்கள் ஒழுங்கைக்கு அன்று பிடித்தது சனி.

போன தை மாதம் பின்சில்லு ஒன்றைக் கழற்றிப் பூட்டியபோது, நட் கோணலாக ஏறியிருந்ததைக் கவனிக்காமல் ஸ்பானரின் மேல் ஏறி நின்று குதித்தார். சில்லைப் பிடிக்கும் நாலு ஸ்டட்டில் ஒன்று முறிந்தது. இன்னொன்றின் புரி மழுங்கிப் போனது.

"இப்ப வாற இரும்பு சரியில்லை," என்றார். காருக்கு வயது இருபத்தெட்டு.

கராஜில் காட்டச் சொன்னா மனைவி கமலாசனி.

"அவங்களுக்கு நான் படிப்பிச்சனான். இப்ப அவங்கள் எனக்குப் படிப்பிக்கிறதோ?"

அடுத்த நாள் காலை காரை ஜக்கில் உயர்த்தி, அடியில் மரக்குற்றி வைத்து, சில்லைக் கழற்றினார். உள்ளே இருந்த பிரேக் ட்ரம் வரவில்லை. ஒன்றரை மணித்தியாலம் சுத்தியலால் அடித்தார். நான் வேலியோரம் உடுப்புக் காயப்போட்டு, அது காய்ந்தும் விட்டது.

கமலாசனி அக்கா வயலில் இருந்து வந்தா. லான்ட்மாஸ்டர் ஓட்டி உழுது, அதன் சில்லையும் தானே கழற்றிப் பூட்டுகிறவ.

"இஞ்சாருங்கோ, ஹாண்ட்பிரேக் இழுத்தபடியெல்லோ கிடக்கு."

"அது பாதுகாப்புக்கு. உமக்கு உது விளங்காது."

அவ விளங்கப்படுத்தவில்லை. முன்சில்லுகளுக்குக் கல் அணை கொடுத்து, கியரில் போட்டு, ஹாண்ட்பிரேக்கை விட்டா. இரண்டு தட்டில் ட்ரம் கழன்றது.

சேர் கண்ணளவில் வாங்கி வைத்திருந்த புது ஸ்டட்டுகள் ஓட்டைக்குள் போகவில்லை. தடிப்பு அதிகம். ஓட்டைதான் பிழை என்றார் சேர். அக்கா மழுங்கிய பழைய ஸ்டட்டைப் பின்பக்கமாக அடித்து எடுத்து, பையில் போட்டுக்கொண்டு கிளிநொச்சிக்குப் போனா. உதிரிப்பாகக் கடை ஜவாஹிர் அதைப் பார்த்து அளவு சரியானதை எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

"சேர் வரேல்லையோ, அக்கா?"

"அவர் யோசிச்சுக்கொண்டு இருக்கிறார்."

திரும்பி வந்து, முறிந்ததையும் தட்டி எடுத்துவிட்டு, புதியதைப் பின்னால் இருந்து செருகி, முன்பக்கம் நாலைந்து வாசர் வளையங்களை அடுக்கி, நட்டைத் தலைகீழாகப் போட்டு இறுக்கினா. இறுக்க இறுக்க ஸ்டட் இழுபட்டு, அதன் தலை பின்னால் போய் அமர்ந்தது. மற்றதும் அப்படித்தான். பிறகு வாசர்களை எடுத்துவிட்டு ட்ரம்மையும் சில்லையும் பூட்டினா. சேர் கதிரையில் இருந்து போனில் வீடியோ பார்த்து, அவ செய்து முடித்த வேலைகளை ஒவ்வொன்றாக அவவுக்கே சொல்லிக்கொண்டிருந்தார்.

"கொஞ்சத் தூரம் ஓடிப்போட்டு நட்டுகளைத் திருப்பி இறுக்க வேணும்," என்றா அக்கா.

"அதைத்தான் நானும் சொல்ல வந்தனான்."

ஞாயிற்றுக்கிழமை கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில், வீட்டிலேயே ஸ்டட் மாற்றுவது எப்படி என்று சேர் அரை மணித்தியாலம் பேசினார். உர விஷயம் கதைக்க வந்த சனம் கொட்டாவி விட்டது. இளம் கமக்காரன் திலீபன் பொறுக்கமாட்டாமல் அக்காவிடம் திரும்பினான்.

"மெய்யே அக்கா, எல்லாம் சேர் தனியச் செய்தவரோ?"

"பக்கத்திலதான் தம்பி இருந்தவர்," என்றா அக்கா.

சனம் சிரித்தது. சேரும் சிரித்தார், பாராட்டு என்று நினைத்து. பிறகு, வாற கிழமை முன்சில்லுகளையும் கழற்றப் போவதாக அறிவித்தார்.