ஒரு பொத்தானுக்கு நாலு பிரதி

1. சிஸ்டரின் புகார்

"மோனே, உங்க ஸ்க்ரீன்ல அந்தச் சக்கரம் சுத்தித் தீரறதுக்குள்ள ரோகிக்கு சொகமாகி வீட்டுக்குப் போயிடும், கேட்டோ!"

ரமணி சிஸ்டர் இதைச் சொன்னது ஒரு வீடியோ காலில். எங்கள் கஸ்டமரான மருத்துவமனைக் குழுமத்தின் தலைமை நர்ஸ் அவர். அவர் பக்கம் எல்லாரும் சிரித்தார்கள். திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் எங்கள் மீட்டிங் ரூமில் யாரும் சிரிக்கவில்லை.

அந்த மருத்துவமனைக்கு நாங்கள் நாலு ஆப் செய்திருந்தோம்: அப்பாயிண்ட்மென்ட், பில்லிங், லேப், ஃபார்மசி. நாலையும் ஒரே வெப் பக்கத்துக்குள் கூட்டிச் சேர்க்கும் ஷெல் ஒன்று. நர்ஸ்கள் கையில் இருந்ததோ பழைய டேப்லெட். திறந்தால் வெள்ளைத் திரை, நடுவில் சுற்றும் சக்கரம். அடுத்த டெமோவிலும் இப்படித்தான் இருந்தால் பழைய சாஃப்ட்வேருக்கே திரும்பிப் போய்விடுவோம் என்று சொல்லி சிஸ்டர் இணைப்பைத் துண்டித்தார்.

எங்கள் மேனேஜர் வர்கீஸ் சார் என் பக்கம் திரும்பினார்.

"எடோ, ஒண்ணு சொன்னா விஷமிக்கருது, வருத்தப்படாதே. இந்தக் காமன் லைப்ரரி நமுக்கு வேண்டா. ஓரோ டீமும் வேணுங்கறதை காப்பி பண்ணி அவங்கவங்க கோடுல வச்சுக்கட்டும். ஆளு கூடினா பாம்பு சாவாதுன்னு கேட்டிட்டில்லே?"

பாம்பை அடிக்கப் பத்துப் பேர் கூடினால் பாம்பு தப்பித்துவிடும் என்பது அந்தச் சொலவடை. நல்ல சொலவடைதான். ஆனால் அவர் பாம்பு என்று சொன்னது, நாலு ஆப்புக்கும் பொதுவான கோடை வைத்து நான் பராமரிக்கும் லைப்ரரியை.

"டெமோ வரைக்கும் டைம் குடுங்க சார்" என்றேன்.

"டெமோ வரே. அது கழிஞ்சா மூடிடலாம்."

2. காமன்

நான் காலேஜில் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. நகரத்துச் சாலைக் கடைத்தெருவில் அப்பாவின் ஹார்ட்வேர் கடைக்கு ஒரு வெப்சைட் போடலாமே என்று தொடங்கி, பார்த்துப் பார்த்து, கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டது எல்லாம். ஊர்ப்பட்ட ஆட்களிடம் பேச்சுக் கொடுத்தே வளர்ந்தவன். அப்படிப்பட்டவனைக் கொண்டுபோய் ஒற்றையாள் டீமில் போட்டார்கள். அதற்குப் பெயர் 'காமன்'.

நாலு ஆப்பிலும் வரும் பொத்தான், தேதி எடுக்கும் காலண்டர், டேபிள், ஐகான் எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரே வேலையை நாலு டீம் நாலு தடவை செய்யக் கூடாது. அதற்காகத்தான் காமன் லைப்ரரி. எனக்கு முன்னால் அதைப் பார்த்துக்கொண்டவர் பெங்களூருக்கு மாறிப் போக, அது என் கைக்கு வந்தது.

என் இருக்கை பிரிண்டர் பக்கத்தில். மத்தியானம் ஒவ்வொரு டீமும் ஒரு கூட்டமாகச் சாப்பிடப் போகும். எந்தக் கூட்டத்தோடு போவது என்று எனக்கு விளங்காது. எல்லாருக்கும் பொதுவானவன் யாருக்கும் சொந்தமில்லை. யாராவது என்னைத் தேடி வந்தால் எதுவோ உடைந்திருக்கிறது என்று அர்த்தம். அதுவும் பெரும்பாலும் சாட்டில் ஒற்றை வரிதான். புது வெர்ஷன் விட்டதும் நாலு டீமுக்கும் மெயில் போடுவேன். பதில் வராது. ஒரு தம்ஸ்-அப்கூட வராது.

ஃபார்மசி டீம் லீட் முருகேசன் மட்டும் போகிறபோக்கில் ஏதாவது சொல்லிவிட்டுப் போவான். என்னைப் போலவே சாலைத் தமிழன். "ஊருக்கு இளைச்சவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. சொகந்தன்னே அண்ணாச்சி?" என்பான். அந்தக் கேலிக்காகவே அவன் பிரிண்ட் எடுக்க வர மாட்டானா என்றிருக்கும்.

3. ஆணி

வீடியோ கால் முடிந்ததும் ஷெல் டேப்லெட்டுக்கு எதையெல்லாம் இறக்குகிறது என்று படம் போட்டுக் காட்டும் டூலை ஓட்டினேன். பெரிய பெரிய கட்டங்களாக வரும். பார்த்தால் என் லைப்ரரி நாலு கட்டமாக நிற்கிறது. ஒரு பொத்தானுக்கு நாலு பிரதி, ஒரு காலண்டருக்கு நாலு பிரதி. போதாததற்கு ஐகான் மூட்டை முழுசாக நாலு தடவை.

காரணம் ஒவ்வொரு ஆப்பின் பேக்கேஜ் ஃபைலிலும் இருந்தது. ஒரு லைப்ரரியை எடுத்துக்கொள்ளும்போது, 'இந்த வரிசையில் வரும் புது வெர்ஷன் எதுவானாலும் சரி' என்று எழுதலாம். அப்படி எழுதினால் ஷெல் ஒரே பிரதியை இறக்கி நாலு ஆப்புக்கும் பங்கிட்டுக் கொடுக்கும். இவர்களோ 'இதே வெர்ஷன்தான் வேண்டும்' என்று எழுதியிருந்தார்கள், நாலு பேரும் நாலு வெவ்வேறு வெர்ஷனை. ஷெல் என்ன செய்யும்? நாலையும் இறக்கியது. பெயருக்குத்தான் காமன், வர்கீஸ் சார் சொன்ன தனித்தனிக் காப்பி ஏற்கெனவே ஓடிக்கொண்டுதான் இருந்தது.

நேராக முருகேசனிடம் போனேன். மெயில் போடவில்லை.

"அது வெர்ஷன் மாறாம இருக்க நாங்க ஆணி அடிச்சு வச்சதாக்கும் அண்ணாச்சி" என்றான், கூச்சமே இல்லாமல்.

"எதுக்குடே?"

"அதை ஷீஜாகிட்டே கேளுங்க. ஆணி அடிக்கப் படிப்பிச்சதே அவளாக்கும்."

4. பில்லிங் டீமில் ஒரு நாற்காலி

ஷீஜா பில்லிங் லீட். தமிழ்நாட்டு எல்லையோரப் பாறசாலைக்காரி, தமிழ் நன்றாக வரும். நான் நாற்காலியை இழுத்துப் போட்டதும், "எந்தா சேட்டா, வழி தெற்றி வந்துட்டீங்களா?" என்றாள்.

விஷயத்தைச் சொன்னேன். முடியாது என்று தலையை ஆட்டிவிட்டாள்.

"வேண்டா சேட்டா. நீங்க வர்றதுக்கு முன்னாடி, சின்ன மாற்றம்தான்னு சொல்லி ஒரு வெர்ஷன் வந்துச்சு. நம்பி எடுத்தோம். காலண்டர்ல மாசமும் தேதியும் இடம் மாறிப் போச்சு. ரோகிங்க பில்லு எல்லாம் வேற தேதியில. வழக்கும் திட்டும் கேட்டது நானாக்கும், லைப்ரரி இல்ல. சூடுவெள்ளத்துல சாடின பூச்ச, பச்சவெள்ளம் கண்டாலும் பேடிக்கும்."

வெந்நீரில் விழுந்த பூனை தண்ணீரைக் கண்டாலே நடுங்குமாம். இத்தனை நாள் என் மெயிலுக்குப் பதில் வராததன் காரணம் அந்த ஒரு வரியில் இருந்தது. அவர்களுக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்திருந்தேன், அவர்களோ பயந்திருந்தார்கள்.

"சரி, நீ எடுக்க வேண்டாம். நான் எடுக்கறேன், உன் மெஷினிலேயே. ஒவ்வொரு ஸ்க்ரீனா நீ பாரு. ஒண்ணு தெத்தினாலும் பழையபடி வச்சுட்டுப் போயிடறேன்."

"சேட்டன் இங்கேயே இருப்பீங்களா?"

"எனக்கு அங்கே ஆர் இருக்கா, பிரிண்டரா?"

சிரித்துவிட்டாள். அன்று நான் சாப்பிடப் போனது பில்லிங் கூட்டத்தோடு. மரவள்ளிக் கப்பையும் மீன் கறியும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதுதான் கூட்டத்தோடு சாப்பிட்ட முதல் சாப்பாடு.

பில்லிங் முடிந்து லேப், பிறகு அப்பாயிண்ட்மென்ட், கடைசியில் முருகேசன். அவனுடைய ஃபார்மசி ஸ்க்ரீன் ஒன்று உடைந்தது, உட்கார்ந்து சரிசெய்தோம். ஐகான் மூட்டையை அவிழ்த்து, எந்த ஆப்புக்கு எது வேண்டுமோ அதை மட்டும் எடுக்கவைத்தோம். இனி எந்த மாற்றம் வந்தாலும் லைப்ரரியில் சேருமுன் நாலு ஆப்பின் டெஸ்ட்டும் ஓடி முடிய வேண்டும் என்று ஏற்பாடு. அதைப் பார்த்த பிறகுதான் ஷீஜா தன் கையாலேயே ஆணியைப் பிடுங்கினாள்.

5. டெமோவுக்குப் பிறகு

டெமோவில் ரமணி சிஸ்டர் டேப்லெட்டைத் தட்டினார். திறந்தது. மறுபடி மூடித் தட்டினார். "ஆ, கொள்ளாம்" என்றார், நன்றாயிருக்கிறது என்று. அவ்வளவுதான்.

வர்கீஸ் சார் என்னைக் கூப்பிட்டார். "லைப்ரரி மூடண்டா, இருந்துட்டுப் போகட்டும். நான் சொன்னது தெற்று, தப்பு." கூடவே, "ஆனா இப்போ நாலு லீடுக்கும் அதைப் பார்த்துக்கத் தெரியும். மாறி மாறிப் பார்த்துப்பாங்க. உன்னை மேல் ஃப்ளோர்ல வேறொரு ப்ராஜெக்ட் விளிக்குது" என்றார்.

சரி என்றேன். லைப்ரரி பிழைக்க வேண்டும் என்றுதான் அத்தனையும் செய்தது. பிழைத்துவிட்டது.

மேல் மாடிக்குப் போன பிறகு ஒரு மத்தியானம், லைப்ரரியின் புது வெர்ஷன் வெளியானதாகத் தானாக வரும் மெயில் ஒன்று வந்தது. வெளியிட்டவள் ஷீஜா. எந்த ஸ்க்ரீனில் என்ன மாறும், யாருடன் உட்கார்ந்து சரிபார்த்தது எல்லாம் எழுதியிருந்தாள். வரி வரியாகப் படித்தேன். சந்தேகம் கேட்டு யாரும் எனக்குப் போன் பண்ணவில்லை. சந்தேகமே இருந்திருக்காது.

இந்த வேலைக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு எனக்குத் தெரிந்தது இதுதான். பொதுக் கோடு எழுதுவது பாதி வேலை. அதை எடுத்துக்கொள்ள அடுத்தவன் ஏன் தயங்குகிறான் என்று அவன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்பது மீதி. அதை ஒழுங்காகச் செய்தால் ஒரு நாள் நீங்கள் இல்லாமலே அது ஓடும். அன்றைக்குக் கொஞ்சம் வெறுமையாக இருக்கும். அந்த மெயிலுக்கு நான் பதில் போட்டேன், ஒரு தம்ஸ்-அப். பிறகு தனியாகச் சாப்பிடப் போனேன்.