தீவைத் தாண்டிய வாடகைக் கார்

காலை 9.00. மொன்ட்ரியாலின் லாசால் பகுதியில் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் கார் வாடகைக்கு விடும் கடை ஒன்று இருந்தது. 2008 கோடைகாலத்துச் சனிக்கிழமை அது. ஒரு நாளுக்கு முப்பத்தெட்டு டொலர், காப்புறுதி தனி, மாலை ஆறு மணிக்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கவுண்டரில் நின்ற பெண், ஓட்டப் போவது யார் என்று கேட்டாள். நான்தான் என்றேன். மூன்றாம் தடவையில் கிடைத்து, பதின்மூன்று மாதமாகக் கைப்பைக்குள் சும்மா கிடந்த என் லைசென்ஸ் அன்றைக்குத்தான் வெளியே வந்தது. வீட்டில் ஒரு வான் வண்டி இருந்தாலும் அது கணவருடைய வான். அதில் எனக்குப் பக்கத்து சீட் மட்டுந்தான்.

கணவரின் அக்கா றோசலின் மச்சாள் மன்னாரிலிருந்து எங்களைப் பார்க்க வந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. திங்கட்கிழமை திரும்புகிறார். ரிகோ மலையில் இருக்கும் மாதாவைக் கும்பிடாமல் பிளேன் ஏற மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். கணவருக்கோ சனி, ஞாயிறு இரண்டு நாளும் டவுன்டவுன் உணவகத்தில் வேலை.

"ஹைவேயில உன்னால ஓடேலாது, ஜெசி. அக்காவை அடுத்தமுறை கூட்டிக்கொண்டு போவம்," என்றார் அவர்.

மன்னாரில் இருக்கிறவருக்கு, சண்டை நடந்த அந்த வருடத்தில் அடுத்தமுறை என்று ஒன்று உண்டா என்ன? எனக்குப் பொத்துக்கொண்டு கோபம் வந்தது. அந்தக் கோபத்தில்தான் கார் எடுத்தேன்.

சாவியைத் தரும்போது கடைப்பெண் ஒரு விஷயம் சொன்னாள். மொன்ட்ரியால் ஒரு தீவு. தீவுக்குள் சிவப்பு விளக்கில் வலப்பக்கம் திரும்பக் கூடாது. பாலத்தைத் தாண்டிவிட்டால், நின்று பார்த்துத் திரும்பலாம். மச்சாளுக்கு அதைச் சுருக்கிச் சொன்னேன்.

"தீவுக்குள்ள ஒரு சட்டம், மச்சாள். பாலத்துக்கு அங்கால வேற சட்டம்."

"ஓம், விளங்குது," என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப வீட்டடியில ஒருக்கா நிப்பாட்டு. ஒரு சாமான் எடுக்கவேணும்," என்றார்.

9.50. ரிகோவுக்கு ஏறத்தாழ அறுபத்தைந்து கிலோமீற்றர். ஹைவேயில் ஏறினேன். எண்பதில் போனேன். பின்னால் வந்த லொறிகளெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டு தாண்டிப் போயின. மச்சாள் செபமாலையை எடுத்து வாய்விட்டே சொல்லத் தொடங்கினார். பத்து மணி கொண்ட காரணிக்கத்தில் இரண்டாவது முடிவதற்குள் நான் தொண்ணூறைத் தொட்டுவிட்டேன், ஐந்தாவதில் நூறு. அந்த ஊசி நூறில் நின்றபோது எனக்கு வந்த சந்தோஷத்தை ஒளிக்க மாட்டேன்.

10.30. தீவின் மேற்கு முனையில் பாலம். இரண்டு பக்கமும் ஏரி, வெள்ளைப் பாய்மரங்கள். "இதுதான் பாலம், மச்சாள். தாண்டினால் தீவு முடிஞ்சுது."

திரும்பிப் பார்த்தால், அவர் மடியில் ஒரு பிளாஸ்டிக் உறை. கடவுச்சீட்டு, அடையாள அட்டை, பங்குச் சுவாமி கொடுத்த கடிதம், எல்லாம் அடுக்கி வைத்திருந்தார். வீட்டில் இறங்கி எடுத்தது இதைத்தான்.

"மெதுவா ஓடு. கண்ணாடியை இறக்கட்டோ?"

"என்னத்துக்கு?"

"செக்பொயின்ற் வருமெல்லோ."

மன்னாரும் தீவுதான். அங்கே பாலத்தைத் தாண்ட ஆமியின் பாஸ் வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும், பையைக் கொட்டிக் காட்ட வேண்டும். பதினேழு வருடம் இங்கே இருந்துவிட்டு நான் அதை மறந்தே போனேன். வெட்கமாக இருந்தது.

"இஞ்ச ஒருத்தரும் நிக்கமாட்டினம், மச்சாள்."

"அப்ப ஏன் வேற சட்டம் எண்டு சொன்னனீ?"

அது சிவப்பு விளக்குக்கு என்று சொல்வதற்குள் பாலம் முடிந்துவிட்டது. அவர் கழுத்தைத் திருப்பிப் பின்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஒருத்தரும் கேக்கேல்லை," என்றார்.

11.00. ரிகோ. மலைச்சரிவில் மரங்களுக்கு நடுவே மாதா சுரூபம், கீழே வரிசையாக மெழுகுதிரிகள். மச்சாள் ஒன்று கொளுத்திவிட்டு நெடுநேரம் முழந்தாளில் இருந்தார். பிறகு பாணும் சம்பலும் சாப்பிட்டோம். கணவருக்குப் போன் எடுத்தேன்.

"எங்க நிக்கிறீங்கள்?"

"ரிகோவில."

"ஆர் ஓடினது?"

"நான்தான்."

சட்டிகளின் சத்தத்துக்கு மேலால் "கவனமா வாங்கோ," என்றார். அதைவிடப் பெரிய பாராட்டு அவரிடமிருந்து வராது.

பிற்பகல் 4.20. மறுபடியும் பாலம், மறுபடியும் தீவு. பிளாஸ்டிக் உறை மச்சாளின் மடியில்தான் இருந்தது.

"ஜெசி, இன்னொருக்கா போவமே?"

"ரிகோவுக்கோ?"

"இல்லை. பாலத்தால. சும்மா போட்டு வருவம்."

ஆறு மணிக்குக் கார் கொடுக்க வேண்டும். இருந்தாலும் அடுத்த வெளிவழியில் இறங்கினேன். சந்தியில் சிவப்பு விளக்கு. தீவுக்குள் அல்லவா, பச்சை வரும்வரை நின்றேன். போனோம். நடுப்பாலத்தில் மச்சாள் உறையைக் கைப்பைக்குள் வைத்துச் சிப்பை இழுத்து மூடினார். கண்ணாடியை இறக்கிக் கையை வெளியே நீட்டினார். அக்கரையில் வலப்பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் சிவப்பு. நின்று, பார்த்து, ராணி மாதிரித் திரும்பினேன். பிறகு அதே பாலத்தை நாலாவது தடவையாகத் தாண்டி வீடு நோக்கி விட்டேன்.

5.50. கடைப்பெண் காரைச் சுற்றிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. எங்கே போனீர்கள் என்று பிரெஞ்சில் கேட்டாள்.

"என்னவாம்?" என்றார் மச்சாள்.

"எங்க போனனீங்கள் எண்டு கேக்கிறா."

"பாலம் தாண்டினனாங்கள் எண்டு சொல்லு."

நான் சொன்னேன். அது போதாது என்று மச்சாளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். கவுண்டருக்குக் கிட்டப் போய், அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேரே நாலு விரலை விரித்துக் காட்டினார்.