பூட்டிய காரில் பிரேக் அழுத்தியவர்

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் இது நடந்தது. யாருக்கு நடந்ததோ அந்த மெக்கானிக்குக்குப் பொய் சொல்ல வராது. ஓட்டைக் காரை நல்ல கார் என்று சொல்ல வாய் வராததால்தான் பாதி வியாபாரிகளுக்கு அவரைக் கண்டாலே ஆகாது.

ஏலத்துக்கு வரும் பழைய கார்களில் மறைத்துவைத்த கோளாறுகளை முன்கூட்டியே கண்டுபிடித்துச் சொல்வது அவர் வேலை. இருபத்திரண்டு வருடமாக அண்ணனான அவரும் தம்பியுமாகச் செய்தார்கள். பிரேக்கைச் சோதிக்கும்போது தம்பி உள்ளே உட்காருவார். அண்ணன் அடியில் படுத்து, சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு, "அழுத்து" என்பார். சக்கரம் நிற்க வேண்டும். "விடு" என்றதும் மறுபடி சுற்ற வேண்டும். ஏல யார்டில் அவர்களுக்கு மேல்மாடி, கீழ்மாடி என்றே பெயர்.

தம்பி இறந்து ஐந்து வாரம் கழித்து, அண்ணன் முதன்முறையாகத் தனியாக வந்தார். விஷயம் தெரியாத வாட்ச்மேன் சிரித்தார்.

"என்னண்ணே, இன்னைக்கு மேல்மாடி காலியா?"

"காலிதான்" என்றார் அண்ணன்.

மதியம் மூன்று பத்து. கடைசி வரிசையில் ஒரு வெள்ளைக் கார். பானெட்டைத் திறந்தார். பேட்டரியை யாரோ கழற்றி எடுத்திருந்தார்கள். ஹேண்ட் பிரேக்கை இறக்கினார். யார்டின் விதிப்படி கதவைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டார். பின்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, முட்டுக் கொடுத்து, அடியில் நுழைந்தார்.

பிரேக் குழாய்கள் புதுக் கறுப்புப் பெயிண்டில் மினுமினுத்தன. கிழட்டுக் காருக்கு எதற்கு இந்த மேக்கப்? யோசித்தபடியே சக்கரத்தைச் சுற்றினார். பழக்க தோஷம், வாய் முந்திக்கொண்டது.

"அழுத்து."

சக்கரம் நின்றது.

துருவேறி இறுகியிருக்கும் என்று நினைத்தார். இருந்தாலும் சொன்னார்.

"விடு."

டக். பெடல் மேலே எழும் சத்தம். சக்கரம் லேசாகச் சுற்றியது.

மூன்று பதினான்கு. தலைக்கு மேலே சீட் ஸ்பிரிங் கிறீச்சிட்டது... யாரோ நகர்ந்து வசதியாக உட்கார்வது போல.

"அழுத்து..."

நின்றது. பின்சுவரில் சிவப்பு வெளிச்சம் விழுந்தது. பிரேக் லைட்.

பேட்டரி இல்லாத காரில்...

"விடு."

வெளிச்சம் அணைந்தது.

ஓட மனசு வரவில்லை.

"அழுத்துடா..."

பட்!

பெயிண்டுக்குள் ஒளிந்திருந்த துருப்பிடித்த குழாய் வெடித்தது. முகமெல்லாம் பிரேக் ஆயில்.

வெளியே ஊர்ந்து வந்தார். கதவை இழுத்தார். பூட்டியே இருந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

சீட் காலி.

பெடல் மட்டும் தரையோடு தரையாக அழுந்திக் கிடந்தது.

சொல்லாமல் தம்பி காலை எடுக்க மாட்டான்.

சொன்னால் போய்விடுவான்.

எட்டு நிமிடம் அப்படியே நின்றார்.

"விடுடா... போதும்டா, ராசா."

பெடல் மெல்ல... மெல்ல... எழுந்தது.

அந்தக் காரை வாங்க வேண்டாம் என்று தன்னை அனுப்பிய வியாபாரிக்குச் சொல்லிவிட்டு, நேராகத் தம்பி வீட்டுக்குப் போனார். தம்பி மனைவியிடம் ஒன்றுவிடாமல் சொன்னார். துக்கத்தில் மனசு குழம்பிப் பேசுகிறார் என்று ஆறுதல் சொல்வாள் என்றுதான் நினைத்தார்.

அவள் முகம் வெளுத்துப்போனது.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன் மாமா. ஆஸ்பத்திரியில, நீங்க வந்து சேர்றதுக்கு முன்னாடி... அவருக்குப் பேச்சு நின்னுடுச்சு. வலது கால் மட்டும் விறைச்சுக்கிட்டு, கட்டில் கம்பியை அழுத்திக்கிட்டே இருந்துச்சு. வலிக்குதான்னு கேட்டேன். இல்லன்னு தலையாட்டினாரு. வாசலையே பார்த்தாரு. நானும் நர்ஸும் சேர்ந்து இழுத்தும் அந்தக் காலை எடுக்க முடியல..."

"அப்புறம்?"



"உயிர் போன பிறகும் அழுத்திக்கிட்டேதான் இருந்துச்சு மாமா. போர்த்தியிருந்ததால நீங்க பாக்கல."