இமையை வெட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன்

மெல்போர்னில் எங்கள் அலுவலகத்தில் காலையில் காபி போடப் போனால் க்ரெக் என்னைப் பார்த்ததும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “பிக் நைட், மேட்?” ராத்திரி முழுக்கக் குடித்தாயா என்று அர்த்தமாம். க்ரெக் எங்கள் குழுவின் தலைவர், நல்ல மனிதர். வந்த புதிதில் அக்கறையாக விசாரிக்கிறார் என்று நினைத்து, ஒன்பது மணிக்கே படுத்துவிட்டேன், நன்றாகத் தூங்கினேன், ரசம் சாதம்தான் சாப்பிட்டேன் என்று விவரமாகப் பதில் சொல்வேன். அவர் விழுந்து விழுந்து சிரிப்பார். எனக்கு நகைச்சுவை உணர்ச்சி அதிகம் என்று அலுவலகத்தில் பேராகிவிட்டது. ஆறேழு வருடம் ஒரே கேள்வி, ஒரே சிரிப்பு. என் மேல் இமைகள் பிறந்ததிலிருந்தே பாதிக் கண்ணை மூடிக்கொண்டு தொங்குபவை என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

தொங்கும் இமை உள்ளவனுக்கு இன்னொரு பழக்கமும் வந்துவிடும். எதிரே இருப்பதைப் பார்க்க முகவாயைத் தூக்க வேண்டும். நின்று பேசினாலும் உட்கார்ந்து பேசினாலும் தலை கொஞ்சம் பின்னால் சாய்ந்தே இருக்கும். வாடிக்கையாளர் கூட்டங்களுக்கு என்னை அனுப்புவதை நிறுத்திய பிறகு காரணம் கேட்டேன். க்ரெக் தயங்கித் தயங்கிச் சொன்னார்: சிலர் நான் தூங்குவதாக நினைக்கிறார்கள், சிலர் நான் அவர்களை மட்டமாகப் பார்ப்பதாக நினைக்கிறார்கள். ஒரே மூஞ்சியில் தூக்கம், திமிர் என்று இரண்டு குற்றங்கள். எனக்குக் கோபம் வந்தது. அதைவிட, இதை ஏற்கெனவே கேட்டிருக்கிறோமே என்ற அலுப்புதான் அதிகம்.

இந்தக் கண் என் அப்பாவின் கண். நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். கல்பாக்கத்துக்கு மேற்கே ஒரு கிராமத்தில் சிறுவயதில் நைனா இன்னொருவர் நிலத்தில் கூலி வேலை செய்தார். நிலத்துக்காரர் பேசும்போது, அவர் முகம் தெரிய வேண்டும் என்று இவர் முகவாயைத் தூக்கிப் பார்த்திருக்கிறார். “மூஞ்சத் தூக்கிப் பாக்குறியா?” என்று பிடரியில் அடி விழுந்தது. அதற்குப் பிறகு யார் பேசினாலும் அவர்களுடைய காலைப் பார்த்தே பேசியதாக நைனா சொல்வார். கல்பாக்கத்தில் அணுமின் நிலைய வேலைக்கு ஆள் எடுத்தபோது ஹெல்பராகச் சேர்ந்து, படித்துப் பரீட்சை எழுதி டெக்னீஷியன் ஆனார். குவார்ட்டர்ஸ் கிடைத்த அன்றிலிருந்து அவர் தலை இறங்கவே இல்லை. டவுன்ஷிப்பில் ஊழியர் பஸ்ஸுக்காக நிற்கும் வரிசையில் தூரத்திலிருந்தே அவரைக் கண்டுபிடித்துவிடலாம்.

நான் எட்டாவது படிக்கும்போது வாத்தியார் ஒருவர் என் நிமிர்ந்த முகத்தைப் பார்த்து வெளியே நிற்கவைத்தார். மறுநாள் நைனா சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்துவிட்டார். “கண்ணு அப்டி சார். அவன் ஒங்களப் பாக்கணும்னா தூக்கித்தான் ஆவணும். கொயந்த பாக்கட்டும் சார்.” குரலை உயர்த்தவே இல்லை. தொண்ணூறுகளின் கடைசியில் எனக்குப் பாஸ்போர்ட் எடுக்க புதுப்பட்டினம் ஸ்டுடியோவுக்குக் கூடவே வந்ததும் அவர்தான். போட்டோக்காரர் என் முகவாயைப் பிடித்துக் கீழே அழுத்த அழுத்த, “வுடுப்பா, அவன் கண்ணு தெரிய வாணாமா?” என்று தடுத்தார். மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு நிற்கும் அந்தப் படத்தோடுதான் நான் கடல் தாண்டினேன்.

இவ்வளவும் தெரிந்துதான் மெல்போர்னில் இமை ஆபரேஷன் செய்யும் ஒரு பெண் மருத்துவர் முன்னால் போய் உட்கார்ந்தேன். அவர் என் நெற்றியில் ஒரு விரலை வைத்துத் தலையை நேராக்கினார். அவர் முகத்தில் பாதி என் பார்வையிலிருந்து மறைந்துபோனது. எப்போதும் இப்படித்தான் பார்ப்பீர்களா என்று கேட்டார். எங்கள் குடும்பத்தில் இப்படித்தான் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவர் அதைப் பரம்பரைக் கோளாறு என்று குறித்துக்கொண்டார். இமையை டேப்பால் தூக்கி ஒட்டியும் ஒட்டாமலும் பார்வையைச் சோதித்துவிட்டு, மறைப்பு அவசியமாக வெட்ட வேண்டிய அளவுக்கு இல்லை, செய்துகொண்டால் அது அழகுக்காகத்தான் என்றார். அழகு என்ற சொல்லைக் கேட்டதும் வெட்கமாகிவிட்டது. நாற்பதை நெருங்கும் ஆண்பிள்ளைக்கு அழகுக்கு ஆபரேஷன். நைனாவிடம் போனில் லீவு போட்டு ஊருக்கு வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

செய்துகொள்ள யோசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். எனக்கு முழு மயக்கம் கொடுக்கவில்லை. இமையில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்தார்கள். வலி என்றால் அந்த ஊசிதான். பிறகு இழுப்பது தெரியும், தோல் கருகும் வாசனை தெரியும், வலி தெரியாது. மிச்சத் தோலை எடுத்து, இமையைத் தூக்கும் தசையையும் கொஞ்சம் இறுக்கினார்கள். நடுவில் எழுந்து உட்காரச் சொல்லி, திற, மூடு என்று இரண்டு கண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்ததும் ஐஸில் வைத்த பச்சைப் பட்டாணிப் பொட்டலத்தைத் துணியில் சுற்றிக் கண்மேல் வைத்துக்கொண்டு, இரண்டு தலையணையில் சாய்ந்து கிடந்தேன். மூன்றாம் நாள் முகம் பூரியாக உப்பி, கன்னம் வரை ஊதா இறங்கியது. களிம்பு போட்டால் எல்லாம் மங்கல். ஏழாம் நாள் தையல் பிரித்தார்கள். கொஞ்ச நாள் தூங்கும்போது கண் முழுதாக மூடாது. என் மனைவி தட்டி எழுப்பி, “இன்னா, தூங்குறியா, முயிச்சிகினு கீறியா? பயமா கீதுப்பா” என்றாள். விழித்திருக்கும்போது தூங்குவதாகப் பேர் வாங்கியவனுக்கு இது வேறு.

முகவாய் இறங்கிவிடும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. கண் திறந்ததும் தூக்க வேண்டிய தேவை போய்விட்டது. கழுத்து அதுவாகவே நேரானது. இரண்டு வாரத்தில் கண்ணாடியில் ஒரு சாதாரண ஆள் நின்றான்.

ஊரில் இறங்கும்போது இமை ஓரம் இன்னும் சிவப்பு. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தேன். நைனா ரிட்டயர் ஆனபின் புதுப்பட்டினத்தில் கட்டிய வீட்டில் என் தங்கை செல்வியும் அவருடன் இருக்கிறாள். வாசலில் என்னைப் பார்த்து ஓடிவந்தவள் பாதியில் நின்றாள்.

“அண்ணா, மெட்ராஸ் ஐ-யா?”

நம் ஊரில் வீட்டுக்குள் கறுப்புக் கண்ணாடி போட்டவனுக்கு வேறென்ன நோய் இருக்க முடியும்? வசதியாகப் போயிற்று. ஆமாம் என்றேன். அவ்வளவுதான், எனக்குத் தனித் துண்டு, தனிச் சோப்பு. பக்கத்து வீட்டார் கேட்டுக்கு வெளியிலேயே நின்று விசாரித்தார்கள். செல்வி சாப்பாட்டுத் தட்டை ஸ்டூலில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் பேசினாள். “கோச்சிக்காதண்ணா, கண்ணப் பாத்தா ஒட்டிக்கும்.” பிறர் பார்ப்பதற்காகக் கண்ணைச் சரிசெய்துகொண்டு வந்தவனை மூன்று நாள் யாருமே பார்க்கவில்லை. உள்ளுக்குள் எனக்கு நிம்மதிதான். நைனாவும் பார்க்காமலே லீவு முடிந்துவிட்டால் தேவலை என்று நினைத்தேன்.

நான்காம் நாள் சாயங்காலம் அவர் நாற்காலியை இழுத்து என் எதிரே போட்டுக்கொண்டார். “கய்ட்டுடா அத்த. இந்த வயசுல எனக்கு வந்தா வந்துட்டுப் போவுது.” கழற்றினேன். நைனா முகவாயைத் தூக்கி என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணைப் பற்றிக் கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

“இன்னாடா, தல எறங்கிக் கீது? அங்க யார்னா எதுனா சொன்னாங்களா?”

எல்லாவற்றையும் சொன்னேன். “இமைய வெட்டித் தெச்சிட்டாங்க நைனா. இப்ப நல்லா தெரியுது. தூக்கிப் பாக்க வேணாம். நீங்களும் செஞ்சிக்கலாம், நான் கூட இருந்து பாத்துக்கறேன்.”

“வலிச்சிதா?”

“ஊசி மட்டும்.”

இமைத் தழும்பைக் கட்டைவிரலால் தொட்டும் தொடாமலும் தடவினார். “தெரியறதுக்கோசரந்தான் தூக்கனேன். மொதல்ல அதுக்குத்தான். அப்பால…” என்று நிறுத்தினார். “அப்பால அதுக்கு மட்டுமாடா தூக்கனேன்? எனக்கு இதெல்லாம் வாணாம்பா. நான் இப்டியே இருந்துட்டுப் போறேன்.” கோபமில்லை. எழுந்து போய்ச் செல்வியிடம், “மெட்ராஸ் ஐ இல்லம்மா, புள்ள மூஞ்சியப் பாத்து சோறு போடு” என்று சொன்னார். அன்று ராத்திரி அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டபோது முகவாயைத் தூக்கி வைத்துப் பார்த்தேன். சற்று நேரத்தில் கழுத்து வலித்தது.

திரும்பியபோது மெல்போர்ன் விமான நிலையத்தில் குடியேற்ற அதிகாரி, பத்து வருடக் கெடு இன்னும் முடியாத என் பழைய பாஸ்போர்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார். இது நீங்கள்தானா என்று மரியாதையாகக் கேட்டார். நான் ஆபரேஷனை விளக்கத் தொடங்கினேன். அவருக்கு என் ஆங்கிலம் புரியவில்லையோ, பொறுமை இல்லையோ, தன் முகவாயைத் தூக்கிக் காட்டி, அப்படிச் செய்யச் சொன்னார்.

முதுகை நிமிர்த்தி மூஞ்சியைத் தூக்கினேன், ஸ்டுடியோவில் நைனா நிற்கவிட்ட மாதிரி. அவர் படத்தை இன்னொரு முறை பார்த்தார். “ஆமாம், நீங்கள்தான்” என்று முத்திரை குத்தி, உள்ளே போகச் சொன்னார்.