ரோட்டோர நிலம் வேண்டாமாம்!

போன வாரம் முழுக்க என் மனைவி நிலைகொள்ளவில்லை. பாலை அடுப்பில் வைத்துவிட்டு மாடிக்குப் போய்விடுகிறாள். போன் அடித்தால் எடுப்பதில்லை. அப்படி என்னதான் கெட்ட செய்தி?

நல்ல செய்திதான்! திருச்செங்கோட்டுப் பக்கம் அவள் பிறந்த வீட்டில் பாகப்பிரிவினை. இரண்டு அண்ணன்களும் நிலத்தை மூன்று பங்காகப் பிரித்து, தங்கைக்கு ரோட்டோரப் பங்கையே ஒதுக்கிவிட்டார்கள். வந்து கையெழுத்துப் போடு என்று பெரிய அண்ணன் போனில் சொன்னார். கேஸ், கோர்ட் இல்லாமல் யாருக்கு இது கிடைக்கும்? எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மனதுக்குள் காம்பவுண்ட் சுவரே எழுப்பிவிட்டேன்...

அவளோ கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறாள். பேராசையோ என்று நினைத்தேன். அதைச் சொல்லியும் தொலைத்தேன். அன்று எனக்குச் சாப்பாடு ஓட்டலில்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனோம். வரப்பில் நின்றபடியே பெரிய அண்ணன் கேட்டார்.

"ஏஞ் சாமி, நல்லதைத்தானே உனக்கு உட்டிருக்கறோம். இதுல என்ன கொறை?"

"நெலத்துல கொறை இல்லீங்கண்ணா. மூத்தவங்க பிரிச்சா, கடைசியாப் பொறந்தது மொதல்ல எடுக்கோணும். அப்பா பங்கும் அப்படித்தானுங்களே வந்துச்சு? நாந்தானுங்களே கடைசி?"

அந்த வழக்கம் அங்கே எல்லாருக்கும் தெரியும். பிரிப்பவருக்குக் கடைசியில் மிஞ்சுவதுதான் கிடைக்கும் என்பதால் ஒழுங்காகப் பிரிப்பார். அண்ணன்களும் அதை மறக்கவில்லை — கடைசிப் பிள்ளை பெண்ணாகவும் இருக்கலாம் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். பாசத்தில் குறையே இல்லை. ஆனால் கேட்காமலே இலையில் வைத்தால், பிடித்த பலகாரமே ஆனாலும் தொண்டையில் இறங்குமா?

பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தப்புத்தான் என்றார். நீயே எடு என்றார்.

மூன்று பங்கையும் சுற்றி நடந்தாள். நான் கண்ணாலேயே ரோட்டைக் காட்டினேன். பார்த்தால்தானே! உள்ளே, கிணற்றடிப் பங்கைக் கைகாட்டினாள். விற்றால் பாதி விலைகூடப் போகாது. அவள் முகத்திலோ அப்படியொரு நிம்மதி. அண்ணன்கள் கண் கலங்கினார்கள். மூவரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. சங்ககிரி தாண்டியதும் மெல்லத் திரும்பினாள்.

"ஏனுங்க... உங்களுக்கு வருத்தமுங்களா?"

எல்லாம் முடிந்தபிறகுதான் கேட்டாள். இருந்தாலும் பாருங்கள், பாதி வருத்தம் அங்கேயே இறங்கிவிட்டது!